ஏகமனதாக

ஐயாறப்பனை எனக்குப் பிடிக்காது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
கேரமில் சிவப்பைப் போட்டுவிட்டால்
தெருமுனை வரைக்கும் சிரிப்பார்.
மன்றத்துப் பேப்பரின் குறுக்கெழுத்தைப்
பேனாவால் நிரப்புவார்,
அதுவும் தப்பாக.

நீடாமங்கலத்தில் எங்கள் மனமகிழ் மன்றம்.
நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள்,
ஒரு ஷட்டில் கோர்ட், ஓடாத ஒரு கடிகாரம்.
கஜாவில் கூரை பறந்தது.
ஒரு கூரைதான் பறந்தது.
தகரத்துக்கு மட்டும் இரண்டு பில்.
ஏன் என்று கேட்டார் ஐயாறப்பன்,
அதே சத்தத்தில்,
பொதுக்குழுவில், கேசரி பரிமாறும் நேரத்தில்.

அடுத்த மாதச் செயற்குழு, பொருள் எண் நான்கு:
மன்றத்தின் நற்பெயருக்குக் குந்தகம்.

கூட்டம் ஆறு மணிக்கு.
ஐந்து ஐம்பதுக்கு எனக்குப் போன்.
"கேட் போட்டுட்டான் சார். நெல்லு வண்டி.
வந்துட்டே இருக்கேன்னு சொல்லுங்க."
சொன்னேன்.
"வரட்டுமே" என்றார் தலைவர்.
ஒன்று, இரண்டு, மூன்றைத் தள்ளிவைத்துவிட்டு
நான்கை எடுத்தார்.

எங்கள் ஊரில் கேட் போட்டால்
பஸ்ஸை விட்டு இறங்கி
ஒரு டீ குடித்து, ஒரு கல்யாணம் பேசி முடித்து
அதே பஸ்ஸில் ஏறலாம் என்பார்கள்.
ஒரு ஆளை நீக்க அவ்வளவு நேரம் ஆகவில்லை.

கைகள் உயர்ந்தன.
சில தோள் வரைக்கும்.
ஒன்று காதைச் சொறிவது போல.
பாதிப் பேர் தினமும் அவரோடு ஆடுகிறவர்கள்.
என் கை உயரவில்லை.
அது பேனாவைப் பிடித்திருந்தது.
எழுதிக்கொண்டிருந்தது:
ஏகமனதாக.

ஆறு இருபத்தைந்துக்கு வந்தார்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
பிளாஸ்டிக் ஃபைலில் இரண்டு பில்லின் ஜெராக்ஸ்,
விதிப் புத்தகம்,
பதினேழாம் விதியின் கீழே மஞ்சள் கோடு.
பதினைந்து நாள் முன்பே எழுத்தில் அறிவிப்பு.
நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு.

"முடிஞ்சிடுச்சு ஐயாறப்பன்."
"நான் இன்னும் பேசவே இல்லையே."
உறுப்பினர் அல்லாதவர்
செயற்குழுவில் உட்கார முடியாது என்று
நாற்காலியை மடக்கினார் பொருளாளர்.
அந்த விதி மட்டும் மனப்பாடம்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.
கத்தியிருக்கலாம்.
"லாக்கர்ல என் ராக்கெட் இருக்கு.
எடுத்துக்கலாமா,
அதுக்கும் தீர்மானம் போடணுமா?"
யாரும் சிரிக்கவில்லை.
படியிறங்கும்போது என்னிடம்,
"கேட் போட்டிருக்குன்னு சொன்னீங்களா சார்?"
சொன்னேன் என்றேன்.
இதைவிடக் கேவலமான உண்மையை
என் வாய் சொன்னதில்லை.

மேட்டூர் திறந்து இருபது நாள் கழித்தும்
தண்ணீர் எட்டாத கடைமடைக்காரன்
சாலையை மறிப்பான், ஆபீசர் முகத்துக்கு நேரே திட்டுவான்.
முறை வந்தால் அவன் வயலுக்கும் மடை திறந்தாக வேண்டும்.
திட்டினவனுக்குத் தண்ணீர் இல்லையென்று
எந்த லஸ்கரும் மடையை மூடி நான் பார்த்ததில்லை.
தலைவரும் அப்படித் திட்டி
நாற்று நட்டவர்தான்.

இந்த மாதம்,
சென்ற கூட்டக் குறிப்பை வாசித்து உறுதி செய்யும்போது
ஒரு வார்த்தையை அடிக்க வேண்டும் என்றேன்.
எந்த வார்த்தை என்று கேட்டார்கள்.
சொன்னேன்.
"சின்ன வார்த்தைதானே ராஜமன்னார்."
"சின்னதுதான். நான் எழுதினதுதான்."
மின்விசிறி சுற்றியது.
பொருளாளர் அதை அண்ணாந்து பார்த்தார்.

நேற்று எனக்குப் பதிவுத் தபால் வந்தது,
ஒப்புகை அட்டையோடு.
குற்றச்சாட்டு, தேதி, நேரம், இடம்.
விளக்கம் தரப் பதினைந்து நாள்.
விதி எண் பதினேழின்படி என்று
எழுத்துப்பிழை இல்லாமல் டைப் செய்திருக்கிறார்கள்.
அவருக்குத் தராததை எனக்குத் தந்திருக்கிறார்கள்.

அதைக் காட்டத்தான் சைக்கிளை எடுத்தேன்.
ஐயாறப்பன் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
கேட் போட்டிருக்கிறது.
நெல்லு வண்டி.
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று,
எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.